இன்னும் எவ்வளவு மூளை மிச்சம் இருக்கிறது?

பக்கவாத சிகிச்சையின் கேள்வியையே மாற்றிவிட்டன ஸ்கேன் ஆராய்ச்சிகள். பதில் நம் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டதா?

"கடைசியா எப்போ நல்லா இருந்தார்?"

ஸ்ட்ரெச்சரில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். வலது கை துவண்டு தொங்குகிறது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. எதையோ சொல்லத் துடிக்கிறார். சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. அவருடைய பி.பி.யைப் பார்த்துக்கொண்டே பணி மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அது.

"ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டுட்டு நல்லாத்தான் படுத்தார் டாக்டர். காலையில அஞ்சரைக்கு எழுப்புறேன், இப்படிக் கிடக்கார்" என்கிறார் மனைவி.

எந்த ஊர் அவசர சிகிச்சைப் பிரிவிலும் ஏதாவது ஒரு விடிகாலையில் நடக்கிற உரையாடல்தான். பக்கவாதம் வருகிறவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது தூக்கத்தில்தான் வருகிறது. சில வருடங்களுக்கு முன்பு வரை, அந்த மனைவியின் பதிலோடு சிகிச்சைக்கான கதவு மூடிவிடும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தாக்கியது எப்போது என்று தெரியாவிட்டால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. பத்து மணியிலிருந்து அஞ்சரை மணி என்றால் ஏழரை மணி நேரம். "லேட் பண்ணிட்டீங்களே" என்ற வார்த்தையோடு வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உண்மையில் அவருக்குக் கட்டி அடைத்தது அஞ்சு மணிக்காகக்கூட இருந்திருக்கலாம்.

2018-க்குப் பிறகு அந்தக் கதவு திறந்துவிட்டது. எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதோடு, இவருடைய மூளையில் இன்னும் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதையும் இன்று கேட்க முடிகிறது. அதற்குப் பதில் சொல்வது ஸ்கேன் படம்.

கட்டியா, கசிவா?

மூளையைத் தாக்கும் பக்கவாதம் இரண்டு வகை. ஒன்றில் ரத்தக்குழாயைக் கட்டி அடைக்கிறது. மற்றொன்றில் குழாய் வெடித்து ரத்தம் கசிகிறது. முன்னதற்குக் கட்டியைக் கரைக்க வேண்டும். அதே மருந்தைப் பின்னதற்குக் கொடுத்தால் ஆளே போய்விடுவார். கொடுமை என்னவென்றால், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கை விழும், வாய் கோணும், பேச்சு குழறும். எவ்வளவு அனுபவம் உள்ள மருத்துவராக இருந்தாலும் கையால் தொட்டுப் பார்த்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

அரை நூற்றாண்டுக்கு முன்பு மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதே நோயாளிக்குப் பெரும் வேதனை. முதுகுத்தண்டு வழியாகக் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் வரும். லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் 1971 அக்டோபர் 1 அன்று அது முடிவுக்கு வரத் தொடங்கியது. இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. கருவியில் முதல் நோயாளியின் தலை படம் பிடிக்கப்பட்டது. மூளையின் முன்பகுதியில் ட்யூமர் இருந்தது கத்தி வைக்காமலே தெரிந்தது. 1979-இல் அவருக்கும் ஆலன் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சி.டி.யில் புதிதாகக் கசிந்த ரத்தம் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை இல்லை என்றால் கசிவு இல்லை, ஊசி போடலாம். 1995-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று நிறுவியது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணி நேரமாக நீட்டியது.

ஆனால் அந்தப் படம் சொன்னது 'இது இல்லை' என்ற ஒரு செய்தியை மட்டும்தான். கட்டி அடைத்த முதல் சில மணி நேரத்தில் சாதாரண சி.டி. பல நேரம் பழுதே இல்லாததுபோல் இருக்கும். எவ்வளவு செத்தது, எவ்வளவு பிழைத்திருக்கிறது என்பது தெரியாது. அதனால்தான் கடிகாரத்தை நம்ப வேண்டியிருந்தது.

செயலிழந்தது எல்லாம் செத்தது அல்ல

லண்டனில் லின்சே சைமன் குழுவினர் 1970-களில் விலங்குகளின் மூளையில் ஒன்றைக் கவனித்தார்கள். ரத்த ஓட்டம் ஓரளவு குறைந்ததும் நரம்புச் செல்கள் மின் சமிக்ஞை அனுப்புவதை நிறுத்திவிடுகின்றன. ஆனால் சாவதில்லை. இன்னும் கீழே, வேறோர் அளவுக்குக் குறைந்தால்தான் சாகின்றன. இரண்டு அளவுகளுக்கும் நடுவே சிக்கிய பகுதி வேலை செய்யாது, ஆனால் உயிரோடு இருக்கும். புறநிழல் பகுதி என்று அதற்குப் பெயர். அடைப்பு ஏற்பட்ட மையத்தில் செத்த பகுதி. அதைச் சுற்றி இந்தப் புறநிழல். ரத்தம் திரும்பினால் அது மீளும். திரும்பாவிட்டால் மையம் மெல்ல மெல்ல அதை விழுங்கிவிடும்.

கை தூக்க முடியாமல் கிடக்கிறவரின் கைக்கான மூளைப் பகுதி செத்துப் போயிருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பொருள். இதைவிட நம்பிக்கை தரும் கண்டுபிடிப்பு பக்கவாத மருத்துவத்தில் இல்லை என்பேன்.

எம்.ஆர்.ஐ.தான் இதைப் படத்தில் காட்டியது. 1980-களின் நடுவில் பிரான்ஸின் டெனி ல பியான் திசுக்களுக்குள் நீர் மூலக்கூறுகள் அலைவதைப் படமாக்கும் முறையை உருவாக்கினார். சாகிற செல் வீங்குகிறது. அங்கே நீரின் அலைச்சல் முடங்குகிறது. 1990-இல் கலிபோர்னியாவில் மைக்கேல் மோஸ்லி குழுவினர் பூனைகளின் மூளையில் சோதித்தபோது, மற்ற வகைப் படங்களில் எதுவும் தெரியாத நேரத்திலேயே அடிபட்ட இடம் இந்தப் படத்தில் பளிச்சென்று ஒளிர்ந்தது. மருத்துவர்கள் இன்று இதை டிஃப்யூஷன் படம் என்கிறார்கள்.

ஃப்ளேர் என்ற இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் அதே பழுது தெரிய சில மணி நேரம் பிடிக்கும். முதல் படத்தில் ஒளிர்ந்து, இரண்டாவதில் இன்னும் ஒளிராமல் இருந்தால், தாக்குதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். நோயாளி தூங்கியிருந்தாலும் மூளையே நேரத்தைச் சொல்லிவிடுகிறது.

ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து நடத்தப்பட்ட 'வேக்-அப்' ஆய்வு இதை 503 நோயாளிகளிடம் சோதித்தது. ஊசி போட்டவர்களில் 53.3 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நல்ல நிலைக்குத் திரும்பினார்கள். போடாதவர்களில் 41.8 சதவீதம். மூளைக்குள் ரத்தக்கசிவு ஊசி போட்டவர்களிடம் சற்று அதிகமாகவே இருந்தது. அதை மறைக்கக் கூடாது. இருந்தும், நூறு பேரில் பதினொரு பேர் கூடுதலாகத் தம் காலில் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்றால், அத்தனை குடும்பங்களின் வருமானமும் பிள்ளைகளின் படிப்பும் தப்பிக்கின்றன.

அதே சிகிச்சை, இரண்டு தீர்ப்பு

பெரிய ரத்தக்குழாயில் பெரிய கட்டி அடைத்தால் ஊசி மட்டும் பெரும்பாலும் போதாது. தொடை வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்திக் கட்டியை வெளியே இழுக்க வேண்டும். திராம்பெக்டமி என்கிறார்கள்.

2013-இல் இந்தச் சிகிச்சையைச் சோதித்த மூன்று ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளியாயின. மூன்றும் 'பலன் இல்லை' என்றன. பலரும் இதைக் கைகழுவத் தயாரானார்கள். 2015-இல் நெதர்லாந்தின் 'எம்.ஆர். க்ளீன்' ஆய்வு தொடங்கி வரிசையாக ஐந்து ஆய்வுகள், 'பெரும் பலன் உண்டு' என்றன. இரண்டே வருடத்தில் தீர்ப்பு தலைகீழானது எப்படி?

கருவி மேம்பட்டது ஒரு காரணம். இன்னொரு முக்கியக் காரணம் படம். 2013 ஆய்வுகளில் பெரியவை இரண்டிலும், நோயாளிக்குப் பெரிய குழாயில் கட்டி இருக்கிறதா என்று முன்கூட்டியே ஆஞ்சியோ படம் எடுத்து உறுதிசெய்வது கட்டாயமாக இருக்கவில்லை. இழுப்பதற்குக் கட்டியே இல்லாதவர்களும் கணக்கில் சேர்ந்தார்கள். 2015 ஆய்வுகளில் அடைப்பைப் படத்தில் பார்த்த பிறகே நோயாளியைச் சேர்த்தார்கள். ஆளைச் சரியாகத் தேர்ந்ததும் சிகிச்சையின் உண்மையான பலன் வெளிப்பட்டது.

2018-இல் 'டான்', 'டிஃப்யூஸ்-3' என்ற இரண்டு ஆய்வுகள் இன்னும் ஒரு படி போயின. 16 மணி, 24 மணி நேரம் வரை தாமதமாக வந்தவர்களிடமும், மிச்சமிருக்கும் மூளையை ஸ்கேனில் அளந்து பார்த்துக் கட்டியை எடுத்தார்கள். 'டான்' ஆய்வில் சிகிச்சை பெற்றவர்களில் 49 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் யார் துணையும் இல்லாமல் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொண்டார்கள். பெறாதவர்களில் 13 சதவீதம் மட்டுமே.

பெட்டிச் செய்தி: எண்கள் பேசுகின்றன

உலகில் 25 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் பக்கவாதம் வரக்கூடும் என்று 2018-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு சொல்கிறது.

பெரிய குழாய் அடைத்த பக்கவாதத்தில் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்புச் செல்கள் அழிகின்றன என்பது 2006-இல் வெளியான கணக்கு. ஆளுக்கு ஆள் இது மிகவும் மாறும். பக்கக் குழாய்கள் வழியாக ரத்தம் ஓரளவு வந்துகொண்டிருப்பவருக்கு அழிவு மெதுவாக நடக்கும்.

2019-இல் இதய, ரத்தக்குழாய் நோய்களால் உலகில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 79 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 85 சதவீதம் மாரடைப்பும் பக்கவாதமும்.

இருக்கிற ஸ்கேன் போதும்

இதுவரை சொன்னதைப் படித்ததும், 'இதெல்லாம் பெரிய நகரத்து எம்.ஆர்.ஐ.க்கும் விலையுயர்ந்த மென்பொருளுக்கும் உரியது, நமக்கு எங்கே' என்று தோன்றலாம். மருத்துவர்களிலேயே பலர் அப்படி நினைத்தார்கள். அண்மை வருடங்களின் ஆராய்ச்சி அந்த எண்ணத்தை உடைத்துவிட்டது. இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

மூளையின் பெரும்பகுதி ஏற்கெனவே பழுதாகிவிட்டது என்று படத்தில் தெரிந்தால், கட்டியை எடுத்துப் பயனில்லை என்பதே வெகுகாலம் விதியாக இருந்தது. 2022-இல் ஜப்பானிலிருந்தும், 2023-இல் சீனாவிலிருந்தும், அமெரிக்கா முதலான நாடுகளிலிருந்தும் வந்த ஆய்வுகள், அப்படி ஒதுக்கப்பட்டவர்களுக்கும் பலன் உண்டு என்று காட்டின. ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்த 'டென்ஷன்' ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அதில் பெரும்பாலான நோயாளிகளைச் சாதாரண சி.டி.யை வைத்தே தேர்ந்தெடுத்தார்கள். கனடாவின் கால்கரியில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் உருவான ஓர் எளிய மதிப்பெண் முறை அதற்குப் போதுமானதாக இருந்தது. மூளையின் பத்துப் பகுதிகளைப் பார்த்து, பழுதான ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான். தாமதமாக வந்தவர்களிடம் நெதர்லாந்தில் நடந்த 'எம்.ஆர். க்ளீன்-லேட்' ஆய்வு, சி.டி. ஆஞ்சியோவில் பக்கக் குழாய்கள் தெரிகின்றனவா என்று பார்த்தே முடிவெடுத்தது.

ஆக, தேவை இரண்டு படங்கள். சாதாரண சி.டி. ஒன்று. அதே மேசையில், அதே நோயாளி படுத்திருக்கும்போதே, ரத்தக்குழாய்களைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ ஒன்று. கூடுதலாக ஆவது சில நிமிடங்கள். 'கிரியாட்டினின் ரிசல்ட் வரட்டும், அப்புறம் கான்ட்ராஸ்ட் போடலாம்' என்று சிறுநீரகப் பரிசோதனைக்காகக் காத்திருப்பது பல இடங்களில் வழக்கம். சிறுநீரக நோய் இருந்த வரலாறு இல்லாதவர்களுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை என்று அமெரிக்கப் பக்கவாத வழிகாட்டி நெறிகள் 2018-லேயே சொல்லிவிட்டன.

எங்கே அறுகிறது சங்கிலி?

தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் சி.டி. கருவிகள் இருக்கின்றன. 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. விபத்து, மாரடைப்போடு பக்கவாதத்தையும் சேர்த்து அரசு வகுத்த அவசர சிகிச்சைத் திட்டம் இருக்கிறது. இல்லாத ஊர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய பலம். இருந்தும் நோயாளிகள் தாமதமாகவே வருகிறார்கள்.

முதல் அறுப்பு வீட்டில். "கை மரத்துப் போச்சு, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று காத்திருப்பது. புறா ரத்தம் தேய்ப்பது, எண்ணெய் போட்டு உருவுவது. வலி இல்லாததுதான் பக்கவாதத்தின் சூழ்ச்சி. நெஞ்சு வலித்தால் ஓடுகிறோம். கை விழுந்தால் காத்திருக்கிறோம்.

இரண்டாவது அறுப்பு பாதையில். பக்கத்துக் கிளினிக்குக்குப் போய், அங்கிருந்து நர்சிங் ஹோமுக்குப் போய், அங்கே சாதாரண சி.டி. மட்டும் எடுத்து, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, அங்கே மறுபடியும் முதலிலிருந்து ஸ்கேன். ஒவ்வோர் இடத்திலும் ஒரு மணி நேரம் போகிறது. முதல் இடத்திலேயே இரண்டு படங்களையும் எடுத்து, அடுத்த மருத்துவமனையின் நரம்பியல் மருத்துவருடைய போனுக்கு அனுப்பிவிட்டால், ஆம்புலன்ஸ் வந்து சேரும்போது அவர் ஆயத்தமாக இருப்பார். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். யாருக்கு எதை அனுப்புவது என்ற ஒழுங்கு வேண்டும்.

அந்த ஒழுங்கு சாத்தியம் என்பதற்குச் சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மாரடைப்புக்காக, ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் அவற்றைச் சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளையும் ஒரே வலையில் இணைத்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளியானது. 2,420 நோயாளிகள். வலை அமைப்பதற்கு முன்பு 35 சதவீதம் பேருக்கு மட்டுமே எடுக்கப்பட்ட ஆஞ்சியோகிராம், பிறகு 60.8 சதவீதம் பேருக்கு எடுக்கப்பட்டது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. இதயத்துக்குச் செய்ததை மூளைக்கும் இதே உறுதியோடு செய்ய வேண்டும்.

ஸ்கேனையே நோயாளியிடம் கொண்டுபோகும் முயற்சியும் நடக்கிறது. ஜெர்மனியின் ஹோம்பர்க்கில் கிளவுஸ் ஃபாஸ்பெண்டர் குழுவினர் 2008-இல் சி.டி. பொருத்திய ஆம்புலன்ஸை ஓட்டத் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதே முறையை அஸ்ஸாமில் சோதித்தது. தேயிலைத் தோட்டங்களும் ஆறுகளும் நிறைந்த அந்த நிலத்தில், ஒரு நாள் வரை ஆகிக்கொண்டிருந்த சிகிச்சை இரண்டு மணி நேர அளவில் கிடைத்தது என்று கழகம் அறிவித்தது. நீலகிரிக்கும் கொல்லிமலைக்கும் ஜவ்வாது மலைக்கும் இதில் பாடம் இருக்கிறது. 0.064 டெஸ்லா என்ற மிகக் குறைந்த காந்த வலிமையில் இயங்கி, வார்டுக்குள் தள்ளிக்கொண்டு போகக்கூடிய எம்.ஆர்.ஐ. கருவிக்கும் 2020-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன் படம் பெரிய கருவியின் அளவுக்குத் துல்லியமாக இருக்காது. ஆனால் படுக்கையிலிருந்து நகர்த்த முடியாதவருக்கு, அங்கேயே எடுக்கிற மங்கலான படம்கூடப் பெரிய உதவி.

பெட்டிச் செய்தி: தவறி விழுந்த குழாய்

1958 அக்டோபர் 30. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக்கில் மேசன் சோன்ஸ் என்ற இதய மருத்துவர் 26 வயது இளைஞர் ஒருவரின் மகாதமனியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். குழாயின் முனை நழுவி, இதயத்துக்கே ரத்தம் தரும் கரோனரி தமனிக்குள் போய்விட்டது. யாரும் கவனிப்பதற்குள் கான்ட்ராஸ்ட் மருந்து அதற்குள் பாய்ந்தது. அப்படி நடந்தால் இதயம் தாறுமாறாகத் துடித்து நோயாளி இறந்துவிடுவார் என்பதே அன்றைய நம்பிக்கை. இதயம் சில வினாடி நின்றது. சோன்ஸ் நோயாளியை இருமச் சொன்னார்; துடிப்பு திரும்பியது. இன்று நாம் 'ஆஞ்சியோ' என்று சாதாரணமாகச் சொல்லும் சோதனை அந்த விபத்திலிருந்து பிறந்தது. குழாய் விடாமல் சி.டி.யிலேயே அந்தத் தமனிகளைப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரை ஐந்து வருடம் தொடர்ந்த ஆய்வில், சி.டி. ஆஞ்சியோ எடுத்த பிரிவில் இதய நோய் மரணமும் மாரடைப்பும் சேர்ந்து 2.3 சதவீதம், எடுக்காத பிரிவில் 3.9 சதவீதம். படம் நோயைக் குணப்படுத்தவில்லை. குழாயில் படிந்த கொழுப்பைக் காட்டியது. சரியான ஆளுக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் எல்லோரும் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் 'முழு உடல் ஸ்கேன்', 'பிரெய்ன் செக்கப் பேக்கேஜ்' விளம்பரங்கள் தீபாவளித் தள்ளுபடி வரை வந்துவிட்டன.

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் நலமாக வாழ்ந்துகொண்டிருந்த 2,000 பேருக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அறிகுறியே காட்டாத சிறு பக்கவாதத் தழும்பு 7.2 சதவீதம் பேரிடம் இருந்தது. 1.8 சதவீதம் பேரிடம் ரத்தக்குழாய் வீக்கம். 1.6 சதவீதம் பேரிடம் புற்றுநோய் அல்லாத ட்யூமர். இவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் வாழ்நாளில் எந்தத் தொந்தரவும் வராமல் போகலாம். ஆனால் தெரிந்த பிறகு தூக்கம் வருமா? அடுத்தடுத்த ஸ்கேன், தேவையற்ற அறுவை சிகிச்சை, அதனால் வரும் பாதிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும். அறிகுறி இல்லாதவர்களுக்குக் கழுத்து ரத்தக்குழாய் அடைப்பைத் தேடி ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2021-இல் மீண்டும் பரிந்துரைத்திருக்கிறது. அறிகுறி இல்லாதவருக்கு முதலில் தேவை பி.பி. பார்க்கும் பட்டையும் சர்க்கரைப் பரிசோதனையும்தான். பக்கவாதத்தின் முதல் காரணம் உயர் ரத்த அழுத்தம். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம்.

பெட்டிச் செய்தி: வீட்டில் நடந்தால்

சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று இறங்குகிறதா? ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? திடீர்த் தள்ளாட்டம், திடீர்ப் பார்வை இழப்பும் அறிகுறிகளே. சில நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உடனே 108. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரா என்பது மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

தண்ணீர், காபி, சோறு எதுவும் வாயில் கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போகும். மாரடைப்புக்குக் கொடுக்கிற ஆஸ்பிரினை இதற்குக் கொடுக்காதீர்கள். கட்டியா கசிவா என்று ஸ்கேன் சொல்லாமல் அது ஆபத்து.

அரசுக்கும் நமக்கும்

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கிற வேலை அல்ல. இரவு பகல் எந்நேரமும் சி.டி.யோடு சி.டி. ஆஞ்சியோவும் எடுக்கிற மருத்துவமனைகள் எவை, கட்டியை எடுக்கும் வசதி எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். 108 ஓட்டுநரின் கையிலும் அது இருக்க வேண்டும். நோயாளி வாசலில் இறங்கியதிலிருந்து படம் எடுக்கும் வரை ஆன நிமிடங்களை ஒவ்வொரு மருத்துவமனையும் கணக்கெடுத்து மக்களுக்குக் காட்ட வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊருக்கு அருகில் நள்ளிரவிலும் பக்கவாத சிகிச்சை தரும் மருத்துவமனை எது என்று இந்த வாரமே விசாரியுங்கள். அதன் எண்ணை வீட்டிலுள்ள ஒவ்வொருவர் போனிலும் பதிந்துவையுங்கள். யாராவது தூக்கத்திலிருந்து கை விழுந்து எழுந்தால், 'நேரம் கடந்துவிட்டது' என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். அதை ஸ்கேன் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.